கூடும்

ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஒரு சுழி.
அச்சிட்ட வரைபடத்தில் அது கட்டைவிரல் ரேகை.
ஹாம்புர்க்கில், ஆறாம் மாடியில்,
இரவுப் பணிக்கு வந்த இங்கென்
அதன்மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு
மறுபடி எடுக்கிறாள்.

ஒன்பது கணிப்புகள். ஒன்பதும் வேறு.
ஒன்று புயலை டென்மார்க்குக்கு அனுப்புகிறது.
இன்னொன்று நடுக்கடலில் ஆறு மணி நேரம் தூங்கவைக்கிறது.
ஏழாவது மட்டும்
கரையின் வாய்க்குள் நேராக ஊதுகிறது.
போன டிசம்பரில் பொய் சொன்னதும் இந்த ஏழாவதுதான்.

வேகம் அல்ல அவள் கவலை.
தென்மேற்கிலிருந்து அடிக்கும்வரை
எவ்வளவு அடித்தாலும் வெறும் சத்தம்,
கூரை ஓடு, சைக்கிள், முறிந்த கிளை.
வடமேற்குக்கு எப்போது திரும்பும்?
இன்று அமாவாசை. கடலுக்கு நிறைமாசம்.
ஏற்றம் உச்சம் தொடும் நான்கு பத்துக்கு முன்னால் திரும்பிவிட்டால்
தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை.

அறிக்கையில் ஒரு வினைச்சொல் பாக்கி.
அவள் மொழியில் அதற்குத் தனித்தனிச் சொற்கள்.
என் மொழியில் வால் மட்டும் மாறும்:
மூழ்கலாம். மூழ்கக்கூடும். மூழ்கும்.
ஒரு வாலுக்கு எத்தனை ஆடுகள் என்று
இலக்கணத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை.
வரக்கூடும் என்றால் ஐயம்.
காற்று கூடும் என்றால்
கூடும்.

அழிக்கிறாள். எழுதுகிறாள்.
வழக்கமான ஏற்றத்துக்கு மேல் மூன்றே கால் மீட்டர்.
பக்கத்து மேசை டிர்க் எட்டிப் பார்த்து
"கால் வேண்டுமா?" என்கிறான்,
மீன்கடைக்காரன் கேட்பதுபோல.
"வேண்டும்."
பத்து நாற்பதுக்கு அனுப்புகிறாள்.
அனுப்பிய பிறகு வயிறு வலிக்கிறது.

*

கரை கட்டாத தீவு அது.
தட்டுபோல் கிடக்கும் புல்வெளி,
நடுவில் மனிதர்கள் மண் கொட்டி உயர்த்திய ஒரே மேடு,
மேட்டில் நான்கு வீடுகள், ஒரு நன்னீர்க் குட்டை.
வருடத்தில் பத்துப் பதினைந்து முறை
கடல் புல்லைக் கேட்கும். கொடுத்துவிடுவார்கள்.
மூன்றே கால் வேறு விஷயம்.
மூன்று பத்தில் இருக்கிறது தொழுவத்து வாசற்படி.

மொம்மெ வானொலியை அணைக்கவில்லை.
நூற்று நாற்பது ஆடுகளை
சரிவுப் பலகையில் ஒவ்வொன்றாக
வைக்கோல் பரணுக்கு ஏற்றுகிறான்.
முடித்து வந்தால்
குளிர்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தபடி கரென்.
மாடிப்படியின் வளைவில் அது சிக்கிக்கொள்கிறது,
உள்ளே பாதி மாடும் இரண்டு வாளி இறாலும்.
முன்னும் போகாது, பின்னும் வராது.
வானிலைக்காரர்களின் வம்சம் முழுவதையும்
மொம்மெ பெயர் சொல்லாமல் விசாரிக்கிறான்.

மூன்று மணிக்கு விளக்கு போனது.
டார்ச் வெளிச்சத்தில் வேலியின் கீழ்க்கம்பி இல்லை.
பிறகு நடுக்கம்பி இல்லை.
முயல்கள் மேடேறி வந்து ரோஜாப் புதருக்கடியில் நிற்கின்றன,
பக்கத்தில் பூனை,
அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான்கு ஐம்பதுக்குத்தான் காற்று திரும்பியது.
நாற்பது நிமிடம் தாமதம்.
அதற்குள் கடல்
இறங்க மனம் வைத்துவிட்டது.

*

அளவுகோலைப் படித்துச் சொல்வதும் மொம்மெதான்.

"இரண்டு தொண்ணூற்று மூன்று. வாசற்படிக்கு ஒரு சாண் கீழே.
என் இடுப்பு போய்விட்டது."
"மன்னியுங்கள்."
"குளிர்பெட்டி படியிலேயே நிற்கிறது.
அதன்மேல் ஏறிக் குதித்துத்தான் உங்களை அழைக்கிறேன்."
"ஆடுகள்?"
"பரணில். இறங்க மாட்டோம் என்கின்றன."

குறிப்பேட்டில் இங்கென் எழுதுகிறாள்:
பிழை, முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.
எழுதிவிட்டு அந்த முப்பத்திரண்டை
மேசை விளிம்பில் விரல்களை விரித்து அளந்து பார்க்கிறாள்.
ஒருவர் உட்காரலாம் போலிருக்கிறது.

தொலைபேசியில் இன்னும் காற்றுச் சத்தம்.
"அடுத்தது எப்போது?"

ஐஸ்லாந்துக்குத் தெற்கே புதிதாக ஒரு ரேகை.
"வியாழக்கிழமை வரக்கூடும்."
"கூடுமா?"
"கூடும்."

அப்படியானால் பெட்டி
அங்கேயே இருக்கட்டும் என்கிறான்.